நான்காவது தோள்

"அம்மா, சாலை வேலை நின்னு போச்சு" என்றார் தணிகாசலம். "ஊர்க்காரங்க மறிக்கிறாங்க."

அவர் சாலைப் பொறியாளர். ஐம்பத்தாறு வயது. அவர் அம்மா என்று அழைத்த அவருடைய குரு செல்லக்கண்ணு, அவரைவிட இருபது வயது இளையவர்.

"ஏன் மறிக்கிறாங்க?"

"நாங்க போட்ட மண்மேடு சுடுகாட்டுப் பாதையை அடைச்சிருச்சாம். அரை மைல் தள்ளி வேற வழி விட்டிருக்கேன். வேண்டாங்கிறாங்க."

"அவங்க பாதையில நடந்து பாத்தீங்களா?"

"வரைபடத்துல பாத்தேன்."

செல்லக்கண்ணு எழுந்தார். "வாங்க, போவோம்."

அந்த ஊர் ஏழு மனுக் கொடுத்திருந்தது. ஏழிலும் முத்திரை விழுந்தது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. முந்தின நாள் சாலையில் படுத்தார்கள். ஆண்களைப் போலீஸ் வண்டியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இவர்கள் போன அன்று காலை அந்த ஊரில் பேச்சி இறந்திருந்தாள். பாடை தூக்க மூன்று பேர்தான் மிச்சம்.

குரு தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் செருப்பைக் கழற்றினார்.

"பின்னாடி என் பக்கத்துல வாங்கய்யா" என்றான் பேச்சியின் தம்பி இருளாண்டி. "ரோடு போட்ட தோளு எங்க அக்காவைத் தாங்குதான்னு பாப்போம்."

தாங்கியது, மண்மேடு வரும்வரை.

முன்னால் இருந்தவர்கள் ஏறியதும் பாடை சரிந்தது. முழுக் கனமும் தணிகாசலத்தின் நெஞ்சில் வந்து சாய்ந்தது.

"அக்கா, கொஞ்சம் பொறுத்துக்க" என்றான் இருளாண்டி, போனவளிடம்.

ஏற முடியாமல் பின்வாங்கினார்கள்.

"கீழே இறக்குவோம்" என்றார் தணிகாசலம்.

"கண்ட இடத்துல இறக்க மாட்டோம்யா. பாதி வழியில ஒரு கல்லு இருக்கு. அதுல இறக்கித்தான் திசை மாத்துவோம். அதுவரைக்கும் அவ வீட்டைப் பாத்துக்கிட்டே போவா."

"கல்லு எங்கே?"

இருளாண்டி மேட்டின் அடியைக் காட்டினான்.

செல்லக்கண்ணு முந்தானையால் தணிகாசலத்தின் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

மேட்டருகே நின்ற பொக்லைன் ஓட்டுநரைத் தணிகாசலம் கூப்பிட்டார். "இந்த இடத்துல மேட்டை வெட்டு."

"அப்போ ரோடு, சார்?"

"மேலே பாலம் போட்டுக்கலாம்."

"எவ்வளவு அகலம் வெட்டணும்?"

தணிகாசலம் பாடையை விட்டு நகராமல், காலியாக இருந்த கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"இருளாண்டி, அந்தப் பக்கம் நீயும் கையை நீட்டுப்பா."