எழுபத்தொன்றாவது கணினி

“மேடம், நேத்து பேக்கப் முடியறதுக்குள்ள இன்னிக்கு பேக்கப் ஆரம்பிச்சிடுது. நான் என்னதான் பண்றது?” என்றார் தணிகாசலம்.

மெஹருன்னிசா தன் அலுவலகத்தில் எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டினார்.

தணிகாசலம் உட்கார்ந்தார். இனி எழுந்திருக்கவே வேண்டாம் என்று நினைப்பவர் போல உட்கார்ந்தார்.

சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. படுத்துப்போன கணினியை எழுப்பத் தெரிந்தவர் என்று தணிகாசலத்துக்குத் தெரிந்தது அந்த அம்மாள் ஒருவர்தான்.

வேலூர்ப் பக்கம் ஒரு கண் மருத்துவமனை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ஏசி அறை. அதற்குள் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் எழுபத்தொரு கணினிகள். எதையும் கையால் தொட முடியாது. எல்லாம் மென்பொருளால் ஆனவை. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அத்தனையையும் தினமும் இன்னொரு பெட்டிக்கு நகலெடுத்து வைப்பது தணிகாசலத்தின் வேலை. அந்த ஊர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரியும் ஒரே மனிதர் அவர்தான்.

“எவ்வளவு நேரம் ஆகுது?”

“இருபத்தேழு மணி நேரம்.”

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?”

“இருபத்துநாலுதான் மேடம் குடுத்திருக்காங்க.”

இருவருமே சிரிக்கவில்லை. நான்கு வருடமாக ஒரு நாள்கூட லீவு போடாதவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

“முடியலைன்னா என்ன ஆகும்?”

“பாதியில வெட்டிட்டு மறுபடி ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆரம்பிக்கும். கடைசியா நிக்கறதுக்கு முறையே வராது.”

“கடைசியா நிக்கறது எது?”

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

“எழுபத்தொண்ணு. லென்ஸ் அளவு.”

கண்புரை அறுவைக்கு முன்னால் ஒவ்வொருவர் கண்ணையும் அளந்து, உள்ளே வைக்க வேண்டிய லென்ஸின் அளவைக் குறித்துக்கொள்வார்கள். முகாம் பஸ்ஸில் வந்து இறங்குகிற நாலாயிரம் பேரின் கணக்கு அந்த ஒரு கணினியில்தான் இருந்தது. கடைசியாகச் சேர்த்தது. அதனால் வரிசையிலும் கடைசி. அது போனால் அத்தனை பேரையும் ஊர் ஊராகத் தேடிப்பிடித்து மறுபடி அளக்க வேண்டும்.

“எத்தனை நாளா முறை வரலை?”

“நாப்பத்திரெண்டு.”

“டைரக்டருக்குத் தெரியுமா?”

“தினமும் காலையில அவருக்கு ஒரு வரி மெயில் போடணும் மேடம். ‘பேக்கப் முடிந்தது’ன்னு.”

“போட்டீங்களா?”

“போட்டேன்.”

இதைச் சொன்ன பிறகு அவர் குரல் இன்னும் இறங்கிவிட்டது.

“அதைத் தூக்கி வரிசையில முன்னாடி வெக்கறதுதானே?”

“வெச்சா வேற ஏதோ ஒண்ணு கடைசிக்குப் போகும். அது என்னன்னே எனக்குத் தெரியாது. பாதி மெஷின் நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. அதுல யாரோட என்ன இருக்கோ?”

மெஹருன்னிசா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மருத்துவமனைக்கு வந்ததும் ஓடிக்கொண்டிருந்த எல்லா நகலையும் நிறுத்தச் சொன்னார். எழுபத்தொன்றை மட்டும் எடுக்கச் சொன்னார். ஐம்பது நிமிடத்தில் முடிந்தது.

“அப்பாடா. ரொம்ப நன்றி மேடம்.”

“இது இன்னிக்கு. நாளைக்கு?”

தணிகாசலத்தின் முகம் மறுபடி தொங்கிப்போயிற்று.

“பதினேழாம் நம்பர் என்ன பண்ணுது?” என்று கேட்டார் குரு.

“தெரியாது.”

“ஆஃப் பண்ணுங்க.”

“யாராவது கத்துவாங்களே மேடம்?”

“கத்தினா ஆன் பண்ணிக்கலாம்.”

தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு ஆஃப் பண்ணினார். போனைக் கையில் பிடித்தபடியே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் குரு கேட்டார். “யார் கூப்பிட்டாங்க?”

“யாரும் இல்ல.”

“இருபத்தொண்ணு?”

“தெரியாது.”

“ஆஃப் பண்ணுங்க.”

அடுத்த நாளிலிருந்து ஒரே நாளில் ஆறேழு. இப்படியே ஒன்பது நாள் போனது. எப்போதோ நடந்த ஒரு முகாமின் வெப்சைட். வேலையை விட்டுப்போனவர் பழகிப் பார்த்த கணினி. ‘புதுசு டெஸ்ட் ரெண்டு’ என்று யாரோ பெயர் வைத்த ஒன்று. முதல் டெஸ்ட் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் கடைசியாக ஒருமுறை நகலெடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிறுத்தினார்கள்.

ஒரே ஒரு தடவை போன் வந்தது. கேண்டீனிலிருந்து. டோக்கன் பலகை அணைந்துவிட்டதாம். நாலே நிமிடத்தில் அப்படி ஒரு கத்தல். தணிகாசலம் ஓடிப்போய் அதை ஆன் பண்ணினார். அந்த ஒன்பது நாளில் அவருக்குச் சந்தோஷம் தந்தது அந்தத் திட்டு ஒன்றுதான். ஏதோ ஒன்று யாரோ ஒருவருக்கு வேண்டியிருக்கிறது.

கடைசியில் இருபத்துமூன்று மிஞ்சின.

“நாப்பத்தெட்டு மேடம். யாருக்குமே வேணாததுக்கு நாலு வருஷம் காவல் இருந்திருக்கேன்,” என்றார் தணிகாசலம்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார் மெஹருன்னிசா.

“இல்ல.”

“சாப்பிட்டுட்டு வாங்க.”

சாப்பிட்டுவிட்டு வந்தார்.

“இந்த இருபத்துமூணையும் தினமும் முழுசாவா எடுக்கறீங்க?”

“ஆமா. மாறினதை மட்டும் எடுத்தா, நடுவுல ஒரு நாளுது கெட்டுப்போனா அதுக்கப்புறம் எடுத்தது எல்லாமே வீணாயிடும்னு பயம்.”

“முழுசா எடுத்து என்ன ஆச்சு?”

“இதுவரைக்கும் முடிஞ்சதே இல்ல.”

“ஞாயித்துக்கிழமை முழுசா எடுங்க. மத்த நாள்ல மாறினதை மட்டும். நடுவுல ஒண்ணு கெட்டாலும் அந்த ஒரு வாரத்தோட போயிடும்.”

அன்றைய நகல் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். நம்பாமல் போனிலும் மணி பார்த்தார். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தார்.

“இனிமே நான் தூங்கலாம் மேடம்.”

“எழுபத்தொண்ணை ஆஃப் பண்ணுங்க,” என்றார் குரு.

“ஐயோ!”

இந்த முறை கத்தியது தணிகாசலம்.

“ஏன் சார்? பேக்கப் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“இருக்கு மேடம். ஆனா…”

“எடுத்த பேக்கப்ல எத்தனையை இதுவரைக்கும் ஓடுதான்னு எழுப்பிப் பாத்திருக்கீங்க?”

தணிகாசலம் நேர்மையானவர். மெயில் விஷயம் தவிர.

“ஒண்ணுகூட இல்ல.”

எழுபத்தொன்று போல வேலையில் இருக்கும் கணினியை நிறுத்த டைரக்டர் டாக்டர் எபனேசரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஏன் நிறுத்த வேண்டும் என்று அவர் கேட்பார். தணிகாசலம் மாடியேறினார். இரண்டு தடவை பாதியில் நின்றார். மூன்றாம் தடவை கதவைத் தட்டினார்.

பத்து நிமிடத்தில் இறங்கி வந்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“எல்லாத்தையும் சொல்லிட்டேன். கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சார். அப்புறம், மதியம் ஒன்றரைல இருந்து ரெண்டு வரைக்கும் எடுத்துக்கோங்கன்னார்.”

“உங்க வேலை?”

“ரெண்டு மணிக்கு அப்புறம் பேசலாம்னார்.”

ஒன்றரை மணிக்கு லென்ஸ் அறையில் இருக்கும் பியூலா சாப்பிடப் போனார். தணிகாசலம் காலையிலிருந்து மாறியதை மட்டும் நகலெடுத்தார். மூன்று நிமிடம். எழுபத்தொன்றை நிறுத்தினார்.

“மேடம், அரை மணி நேரத்துல அவ்வளவு டேட்டாவையும் எப்படி இந்தப் பெட்டிக்குத் திரும்பக் கொண்டு வர்றது?”

“எதுக்குக் கொண்டு வரணும்? பேக்கப் எங்க இருக்கோ அங்கயே எழுப்புங்க. ஓடட்டும். அப்புறமா மெதுவா இங்க மாத்திக்கலாம்.”

எழுப்பினார்.

திரை கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது.

ஒன்று நாற்பது. வட்டம் சுற்றியது.

ஒன்று நாற்பத்தெட்டு. சுற்றிக்கொண்டே இருந்தது.

“பழையதையே ஆன் பண்ணிடவா மேடம்?”

மெஹருன்னிசா டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட ஆரம்பித்தார்.

தணிகாசலத்துக்குப் பயமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. வேலை போனால்கூடப் பரவாயில்லை, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முகாம் பஸ்ஸில் கட்டுப் போட்ட கண்ணோடு திரும்பிப் போகிறவர்களை நினைத்ததும் அந்த எண்ணத்துக்காக வெட்கப்பட்டார்.

ஒன்று ஐம்பத்தாறுக்குத் திரை வெளுத்தது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது.

தணிகாசலம் கையை நீட்டினார்.

“நீங்க பாக்காதீங்க. பாக்க வேண்டிய ஆளு பியூலா. சாப்பிட்டுட்டு வரட்டும்,” என்றார் குரு.

இரண்டு மணி ஆயிற்று. பியூலா வந்திருப்பார். மதியப் பட்டியலில் முப்பத்தொரு பேர்.

இரண்டு ஏழுக்குப் போன் அடித்தது. பியூலாதான். தணிகாசலம் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. எடுத்தார்.

“சொல்லும்மா.”

கேட்டுக்கொண்டிருந்தார்.

“லிஸ்ட் பாதியோட நின்னுடுச்சா?”

சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“திரையில? … பேரெல்லாம் இருக்கா? … முப்பத்தொண்ணும்? … காலையில போட்டதும்? … அளவு? … சரிம்மா. … சரி. … வெச்சிடறேன்.”

போனை வைத்தார்.

“என்னவாம்?” என்றார் மெஹருன்னிசா.

“பிரிண்டர்ல இங்க் தீர்ந்துடுச்சாம் மேடம்,” என்று சொல்லிவிட்டு, தணிகாசலம் அழுதார்.