எத்தனை இன்ச், டீச்சர்?

“டீச்சர், எத்தனை இன்ச் சக்கரம் போடணும்? நீங்களே ஒரு முடிவைச் சொல்லிருங்க. எனக்கு அலுத்துப் போச்சு.”

பொன்னுலிங்கம் கேட்டபடியே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் நின்றது.

ஜெசிந்தா டீச்சர் இலையைப் பிரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. ஒண்ணு எடுத்துக்கிடுதியளா?”

“சாப்பிட்டாச்சு டீச்சர்.”

“அப்ப உக்காருங்க.”

பொன்னுலிங்கம் உட்காரவில்லை.

அது ஊருக்கு வெளியே, யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்டு, பிறகு யாரும் சீந்தாமல் விட்ட ஓடுதளம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே கார்களை இரண்டிரண்டாக நிறுத்துவார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டும் புறப்படும். மறுமுனைக் கோட்டை முதலில் தாண்டியது ஜெயித்தது. வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. புறப்படுகிற அந்த ஒரு கணத்தில்தான் எல்லாம் இருந்தது.

அந்தக் கணத்தைக் கற்றுக்கொடுப்பவர் ஜெசிந்தா. எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. இருந்தாலும் எல்லோரும் டீச்சர் என்றார்கள். அவரிடம் படித்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். டவுனில் பெயின்ட் கடை வைத்திருந்த பொன்னுலிங்கமும் அப்படித்தான்.

“முதல்ல பத்தொன்பது இன்ச் போட்டேன். பாக்க ராஜா மாதிரி இருந்துச்சு. ஆனா ரப்பர் மெல்லிசு. ரோட்டுல ஒரு சின்னக் கல்லு கிடந்தாக்கூட முதுகுல வந்து சொல்லும். இங்க புறப்படும்போதும் தரையைப் பிடிக்காம வழுக்கும்.”

“சரி.”

“பதினெட்டு போட்டேன். இப்பப் பதினேழு. செய்யது பதினாறு போடலாம்னு சொல்லுதாரு. ரப்பர் நல்லாத் தடிமனா இருக்கும், இங்க தரையைக் கவ்விப் பிடிக்கும், ஊருக்குள்ள குலுங்காது. ஆனா பெரிய பிரேக் போட்டிருக்கேன்லா, அதுல உரசுமோ உரசாதோங்கிற மாதிரி நிக்கும். திருப்பத்துல வண்டி சாயும். எனக்கு ஊருக்கும் வேணும், ஓட்டத்துக்கும் வேணும். ரெண்டுக்கும் ஒரே சக்கரம்.”

டயர்க்கடைச் செய்யது தன் வேனின் பின்கதவில் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், அண்ணாச்சி மாசா மாசம் குறைச்சுக்கிட்டே வாராக. இப்படியே போனா கடைசியில சூட்கேஸ் சக்கரத்துல வந்து நிப்பாக.”

“உமக்கென்ன ஓய், வியாபாரம் நடக்குதுல்லா.”

“நடக்குது, நடக்குது. நீங்க கழட்டிப் போட்ட பத்தொன்பதை வாங்கத்தான் ஆளில்லை. இந்தா, வேன்லயே கிடக்கு. அதுமேலதான் படுத்து உறங்குதேன்.”

டீச்சர் இலையை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். கை கழுவினார்.

“அண்ணாச்சி, யாருக்காக மாத்துதிய?”

“காருக்குத்தான்.”

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார்.

பொன்னுலிங்கம் இப்போது உட்கார்ந்தார்.

“வடிவுக்காக,” என்றார்.

வடிவு அவர் மனைவி. சண்முகவடிவு. பிள்ளைகள் இருவரும் வெளியூர் போன பிறகுதான் அவர் இந்தக் காரை வாங்கினார். ஆரம்பத்தில் வடிவும் ஞாயிறுதோறும் கூட வருவாள். கோட்டுக்கு அப்பால் குடையை விரித்துக்கொண்டு நிற்பாள். அவர் தோற்றுவிட்டு வந்தால், “அந்தச் சிவப்புக்காரன் நல்லா ஓட்டுதான், என்ன?” என்பாள். அதைக் கேட்கவே அவருக்குப் பிடிக்கும்.

ஒரு வருஷமாக அவள் காரில் ஏறுவதில்லை. கடைத்தெருவுக்கு ஆட்டோ. தங்கச்சி வீட்டுக்குப் பஸ்.

“ஏறமாட்டேன்னு சொல்லலை டீச்சர். சண்டையும் போடலை. ஒவ்வொரு தடவை சக்கரம் மாத்தினதும் ஏறு, பாருன்னு கூப்பிடுவேன். ஏறுவா. ஒரு சுத்து வருவா. எப்படின்னு கேட்டா, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவா. மறுநாள் பஸ்ஸுக்கு நிப்பா.”

“குலுங்குதுன்னு சொன்னாகளா?”

“சொல்லலை. ஆனா வேற என்னவா இருக்கும்? பத்தொன்பது போட்ட பிறகுதான ஏறலை?”

“பத்தொன்பது எப்பப் போட்டிய?”

“உங்ககிட்ட வந்து சேந்தேன்லா, அதே வாரம்.”

டீச்சர் எழுந்து வேன் பக்கம் நடந்தார். காய்ந்த புல்லுக்கு மேலே காற்று நடுங்கியது.

“செய்யது அண்ணே, ஜாக்கி எடுங்க.”

“பதினாறு அளந்து பாத்துருவமா?”

“இல்லை. அந்தப் பத்தொன்பதை மாட்டுங்க.”

“மறுபடியுமா?” என்று எழுந்துவிட்டார் பொன்னுலிங்கம். “அதுதான டீச்சர் வினையே!”

“மாட்டுங்க.”

செய்யது மாட்டினார். கடைசி நட்டை முறுக்கிவிட்டு, ஸ்பானரால் ரிம்மைத் தட்டினார். “ராஜா திரும்பி வந்துட்டாரு.”

டீச்சர் சாவிக்குக் கை நீட்டினார்.

பொன்னுலிங்கம் கொடுத்தார். வழக்கம்போல வலது பக்கமாகப் போனார். அங்கே டீச்சர் உட்கார்ந்திருந்தார். சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, கதவைத் திறந்து உட்கார்ந்தார். சொந்தக் காரில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. கால் வைக்கிற இடம் இவ்வளவு ஒடுக்கமா என்று நினைத்துக்கொண்டார்.

“எங்க போறோம்?”

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.”

கார் மெயின்ரோட்டில் ஏறியது. முன்னால் வைக்கோல் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. டீச்சர் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனார். வைக்கோல் துரும்பு கண்ணாடியில் வந்து அடித்தது.

“டீச்சர், கொஞ்சம் தள்ளி…”

டீச்சர் காரை வெளியே எடுத்து லாரியைத் தாண்டினார். எதிரே வந்த பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. கார் உள்ளே நுழைந்தது. பஸ் கடந்தது.

பொன்னுலிங்கத்தின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை.

“பயப்படாதிய. இடம் இருந்துச்சு,” என்றார் டீச்சர்.

அது பொன்னுலிங்கம் வழக்கமாகச் சொல்லுகிற வார்த்தை.

டவுன் சிக்னலில் சிவப்பு. முதல் ஆளாய்ப் போய் நின்றார்கள். டீச்சர் தங்கள் விளக்கைப் பார்க்கவில்லை. குறுக்கே போகிற ரோட்டின் விளக்கைப் பார்த்தார். அது மஞ்சளானது. என்ஜின் உறுமியது. அது சிவப்பானது.

பொன்னுலிங்கத்தின் தலை பின்னால் போய் இருக்கையில் மோதியது. தண்ணீர்க்குடத்தோடு ரோட்டில் கால் வைத்த ஒரு பெண் சட்டென்று பின்வாங்குவது தெரிந்தது. அவள் முகத்தைப் பார்ப்பதற்குள் தாண்டியாகிவிட்டது.

“டீச்சர்! மெதுவாப் போங்க, டீச்சர்!”

“நல்ல புறப்பாடு, என்ன?”

பொன்னுலிங்கத்தின் இடது கை பிடிப்பதற்கு எதையாவது தேடியது. இருக்கையின் ஓரத்தில், கதவுப் பக்கமாக, கீழே ஓர் இடம் அகப்பட்டது. அங்கே தையல் விட்டிருந்தது. உள்ளே பஞ்சு நசுங்கிக் குழிந்திருந்தது. விரல்கள் நான்கும் அந்தக் குழிக்குள் போயின.

அடுத்த வேகத்தடை வந்தது. அதற்கடுத்தது. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாய் மூடிய பள்ளம் வந்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் டீச்சர் காரை ஓரமாக நிறுத்தினார்.

பொன்னுலிங்கம் கையை எடுக்கவில்லை.

“சக்கரம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் டீச்சர்.

“எது?”

“பத்தொன்பது. ரொம்பக் குலுக்குச்சோ?”

பொன்னுலிங்கம் யோசித்தார். பள்ளம் வந்தது ஞாபகம் இருந்தது. விழுந்து எழுந்தது ஞாபகம் இல்லை.

“கவனிக்கலை டீச்சர்.”

டீச்சர் என்ஜினை அணைத்தார்.

“போன மாசம் மழையில என்னை இங்க கொண்டாந்து விட்டிய. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அதுக்குப் பொறவு உங்ககிட்ட லிஃப்ட் கேட்டனா?”

“இல்லை.”

“நானும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டுத்தான் இறங்கினேன்.”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே போனது. பூக்காரி ஒருத்தி குனிந்து காருக்குள் பார்த்துவிட்டு, வாங்கமாட்டார்கள் என்று முடிவு செய்து நகர்ந்தாள்.

டீச்சர் சாவியை அவர் மடியில் வைத்தார். “புறப்படச் சொல்லிக்கொடுத்தேன். எங்கே புறப்படணும்னு சொல்லிக்கொடுக்கலை போல.”

டீச்சர் இறங்கினார்.

“டீச்சர், அப்ப எத்தனை இன்ச்?”

“என்கிட்டக் கேக்காதிய. குலுங்குதுன்னு யாரு சொல்லுதாகளோ, அவுக கிட்டக் கேளுங்க.”

“வடிவு ஒருநாளும் குலுங்குதுன்னு சொன்னதில்லையே!”

“ஆமால்லா,” என்றார் டீச்சர்.

ஓடுதளத்துக்குத் திரும்பிப் போக அங்கே நின்ற மினிபஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வடிவு தங்கச்சி வீட்டுக்குப் போகப் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். கையில் ஒரு தூக்குவாளி.

மஞ்சள் கார் வந்து நின்றது. பொன்னுலிங்கம் இறங்கி வந்தார்.

வடிவு சக்கரத்தைப் பார்த்தாள்.

“பழையதையே மாட்டிட்டியளா?”

“ஆமா.”

“நல்லாத்தான் இருக்கு. நான் பஸ்ஸுல போயிக்கிடுதேன்.”

“வடிவு, ஞாயித்துக்கெழமை டீச்சர் ஓட்டினாக. நான் உன் பக்கமா உக்காந்து வந்தேன்.”

“என் பக்கம்னா?”

“இடது பக்கம்.”

வடிவு இப்போது அவரைப் பார்த்தாள்.

“எதுவரைக்கும்?”

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.”

“எப்படி ஓட்டினாக?”

“என்னைய மாதிரி.”

நிறுத்தத்தில் நின்ற இன்னொரு அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பயந்துட்டியளோ?” என்று கேட்டாள் வடிவு.

“ஆமா.”

வடிவின் பஸ் வந்தது. நின்றது. அந்த அம்மா ஏறிக்கொண்டாள். கண்டக்டர் வடிவைப் பார்த்து, “ஏறுதியளாம்மா, இல்லையா?” என்றார்.

“நீங்க போங்க,” என்றாள் வடிவு.

தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். வலது கை வாளியின் மூடிமேல் இருந்தது. இடது கை இருக்கையின் ஓரத்துக்குக் கீழே போனது. பொன்னுலிங்கம் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல ரோட்டைப் பார்த்தார்.

ஊர் எல்லையில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. முதல் வண்டி இவர்களுடையது. பின்னால் லாரி, ஆட்டோ, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள். ரயில் வந்தது, போனது. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் வண்டிகளை முடுக்கினார்கள். இந்தப் பக்கமும் முடுக்கினார்கள்.

வடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

கேட் உயர்ந்தது. மோட்டார் சைக்கிள்கள் பாய்ந்தன. ஓர் ஆட்டோ இடதுபுறமாக உரசிக்கொண்டு போனது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

பொன்னுலிங்கம் காத்திருந்தார்.

எதிரே வந்தவர்கள் வந்து முடிந்தார்கள். வழி விட்டது. அவர் கியரைப் போட்டு, காரை நடக்கவிட்டார். தண்டவாளத்தின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு அடுத்த தண்டவாளம். ஒவ்வொன்றும் தனித்தனியாக முதுகில் வந்து இடித்தது.

வடிவு கண்ணைத் திறந்தாள். வாளியின் மூடி கழன்று உருண்டது. அதைப் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“ஏங்க, இது என்ன இந்தக் குலுக்குக் குலுக்குது! குழம்பெல்லாம் சேலையில. இதைவிடச் சின்னச் சக்கரம் ஒண்ணு கிடைக்கலையா உங்களுக்கு?”