வெள்ளம் வராத வருஷம்

டார்வெல் கவுண்டி என்ற மாவட்டத்தின் சாலையோரங்களில் இருபத்து மூன்று இரும்புப் பலகைகள் உண்டு. முதல் பள்ளிக்கூடம் இருந்த இடம், தபால் வண்டிக்குக் குதிரை மாற்றிய இடம் என்று, அங்கங்கே முன்பு நடந்ததைச் சொல்லும் பலகைகள். வழிப்போக்கர்கள் காரை ஓரங்கட்டிப் படித்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பனிக்காலத்தில் தானிய லாரி ஒன்று சறுக்கி, ஆற்றுத் துறையில் நின்ற பலகையை உடைத்துவிட்டது. 'ரயில் பாதை போட வந்த சீனத் தொழிலாளர்களின் முகாம் 1891-ல் இங்கே வெள்ளத்தில் அழிந்தது' என்பது அதிலிருந்த வாசகம். புதிய பலகை வார்க்க வேண்டும். வாசகத்தை எழுதி வார்ப்படச் சாலைக்கு அனுப்பும் பொறுப்பு, பலகைக் குழுவின் செயலாளர் ஓரினுடையது. பழையதைப் பார்த்து எழுதியிருந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும்.

ஓரினால் முடியவில்லை.

அவருக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். துறையைக் கடக்கும்போதெல்லாம் பிள்ளைகள் பலகையைக் கூச்சலிட்டுப் படிப்பார்கள். ஓரின் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். 1891-ல் ஆற்றில் வெள்ளமே வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்பா சாகக் கிடந்தபோது ஒரு காகிதத்தை ஓரினின் கையில் திணித்தார். கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து. முகாமுக்குத் தீ வைத்து, வெளியே ஓடிவந்த பதினான்கு பேரையும் சுட்டுக் கொன்றவர்கள் ஏழு பேர். ஏழு பெயரும் அதில் இருந்தன.

வசந்தத்தில் கூடிய குழுக் கூட்டத்தில், ஏழு பெயரும் சேர்ந்த தன் புதிய வாசகத்தை ஓரின் படித்தார். கடைசியில் குழுத் தலைவி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பழைய வாசகமே நன்றாகத்தானே இருந்தது, ஓரின்?" என்றாள்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுத் தபால் பெட்டி நசுங்கிக் கிடந்தது. அதற்கடுத்த நாள், மளிகைக் கடை வாசலில் நிறுத்தியிருந்த அவர் காரின் வைப்பரில் ஒரு துண்டுச் சீட்டு. 'வெள்ளம் மறுபடியும் வரும்.' எழுத்து முத்துமுத்தாக இருந்தது. நன்றாகப் படித்த யாரோ. தான் பேருந்தில் ஏற்றிப்போன யாரோ.

மூன்றாம் நாள் நட்டநடுப் பகலில், சரளைச் சாலையில் ஒரு பிக்கப் வண்டி பின்னால் வந்தது. அவர் நிறுத்தினால் அதுவும் நின்றது. கிளம்பினால் அதுவும் கிளம்பியது. ஓரினுக்கு வீட்டுப் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. நேராக சிஸ்டர் ஹானிடம் போனார்.

சிஸ்டர் ஹான் வியட்நாமிலிருந்து வந்த பௌத்த பிக்குணி. வயது நாற்பது இருக்கும். கோழி இறைச்சி ஆலையில் வேலை செய்யும் தன் நாட்டுக் குடும்பங்களுக்காக, மூடிக்கிடந்த தீவனக் கடை ஒன்றை மடமாக்கியிருந்தார். பிக்குணியை எப்படிக் கூப்பிடுவதென்று ஊருக்குத் தெரியவில்லை; 'சிஸ்டர்' என்பதே நிலைத்துவிட்டது. மனைவி இறந்த வருஷம் அங்கே போய் உட்கார்ந்த ஓரின், ஐந்து வருஷமாக அவருடைய சீடர்.

"சிஸ்டர், நான் என்ன எழுதட்டும்?"

"என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

ஓரின் சட்டைப் பையைத் தொட்டார். வார்ப்படச் சாலைக்கு முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருந்தது. அதன் வாயை மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

"நடந்ததைத்தான். ஆனால் பயமாக இருக்கிறது. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்கள்."

சிஸ்டர் ஹான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "துறைக்குப் போவோம்."

"இப்போதா? அந்த வண்டி வெளியேதான் நிற்கிறது."

"நடந்தே போவோம்."

இருபுறமும் முழங்கால் உயரக் கோதுமை. ஓடி ஒளிய ஒரு மரம்கூட இல்லை. பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம், அவர்களுடைய நடையின் வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது. ஓரினின் முதுகு முழுவதும் நனைந்துவிட்டது. சிஸ்டர் ஹான் திரும்பிப் பார்க்கவில்லை.

துறையில், பலகை இருந்த இடத்தில் முறிந்த கம்பத்தின் அடி மட்டும் இருந்தது.

"படியுங்கள்."

"யாருக்கு?"

வண்டி பத்தடி தள்ளி வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவன் டுவெய்ன், ஓரினின் சித்தப்பா மகன். அவன் இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஓரின் ஓரடி பின்வாங்கினார். "சிஸ்டர், திரும்பிவிடலாம்."

"படியுங்கள்."

ஓரின் உறையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். தீயைப் படித்தார். பதினான்கு பேரைப் படித்தார். முதல் பெயர் வந்தபோது நிறுத்தினார். அது அவருக்கும் டுவெய்னுக்கும் கொள்ளுத்தாத்தாவின் பெயர். அந்தப் பெயரிலிருந்து மறுபடி படித்தார். ஏழாவது பெயரோடு முடித்தார். காற்றே இல்லை. ஆனாலும் சிஸ்டர் ஹானின் அங்கியோரம் நடுங்கிக்கொண்டிருந்ததை ஓரின் பார்த்தார்.

"பெரியப்பா சொன்னாரா உனக்கு?" என்றான் டுவெய்ன்.

"ஆமாம்."

"எனக்கு என் அப்பா சொன்னார்."

"அப்போ உனக்கும் தெரியுமா?"

"இந்தச் சாலையில் யாருக்குத்தான் தெரியாது?" அவன் விரல்கள் துப்பாக்கிக் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தன. "என் பேத்தி இந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறாள். படிப்பாள்."

"படிப்பாள்."

"வந்து என்னிடம் கேட்பாள்."

ஓரின் காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

டுவெய்ன் அவரைப் பார்த்தான். பிறகு சிஸ்டர் ஹானைப் பார்த்தான். அவ்வளவு நேரம் ஒரு மனிதனால் இமைக்காமல் பார்க்க முடியும் என்று ஓரினுக்கு அதுவரை தெரியாது. பிறகு வண்டி உறுமியது. சரளையை வாரியிறைத்துக்கொண்டு திரும்பிப் போனது. துப்பாக்கியை அவன் பழைய இடத்தில் மாட்டவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு போனான்.

தபால் நிலையம் அங்கிருந்து இரண்டு மைல். இருவரும் நடந்தார்கள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ஓரினின் தோள்கள் குறுகின. பெட்டியின் முன்னால் நின்று, காய்ந்த நாக்கால் உறையின் வாயை இரண்டு முறை நக்கி ஒட்டினார். உள்ளே போட்டார். அது அடியில் விழும் சத்தம் கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சிஸ்டர் ஹானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் சுட மாட்டான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், சிஸ்டர்?"

"தெரியாது."

ஓரின் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிந்திருந்தால் உங்களைத் தனியாகவே அனுப்பியிருப்பேன்."