துண்டு போட்ட இடம்

டாக்டர் ஜமீலாவுக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் பல் பதிக்கக் கற்றுக்கொள்ள வந்த டாக்டர் தங்கராசுவுக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருடம் பிடுங்கியே பழகிய கைக்கு நடுவது புதிது.

அன்று நாற்காலியில் இருந்தவர் பஸ் கண்டக்டர் அருளப்பன். மேல்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் போய் நான்கு வருடம். மனைவி செல்வராணி மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போயும் அதே நான்கு வருடம். சித்திரையில் இருபது நாள் லீவில் வருகிறாள்.

"அவ பொரிக்கிற நெத்திலி மொறுமொறுன்னு இருக்கும் டாக்டர். அவ முன்னால உக்காந்து கடிச்சுத் திங்கணும். வேற ஆசையே இல்ல."

ஜமீலா ஸ்கேனைப் பார்த்தார். எலும்பு மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம்.

"முதல்ல எலும்புத் தூள் வைக்கணும். ஆறு மாசம் கழிச்சுத்தான் பல்ல நிறுத்துற திருகு."

அருளப்பன் தங்கராசுவைப் பார்த்தார். "சித்திரைக்குள்ளன்னு சொன்னீங்களே?"

தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார். ஸ்கேன் பார்க்குமுன்பே ஆசை காட்டிவிட்டார், பாவம்.

"மேடம், சின்னத் திருகா வச்சுப் பாப்போமே. மனுசன் எவ்வளவு ஏங்கிப்போய் வந்திருக்காரு."

ஜமீலா நாற்காலிப் பக்கம் திரும்பினார். அருளப்பனிடம் கேட்டார்.

"பஸ்ல ஒரு சீட்டு காலியாக் கெடந்தா?"

"பக்கத்துல உள்ளவன் நகந்து உக்காந்துக்கிடுவான்."

"உங்க வாயிலயும் அதான் நடந்திருக்கு. பல்லு போன எடத்துல எலும்பு கரைஞ்சு, மேல மூக்குப் பக்கத்துல இருந்த காத்தறை எறங்கி உக்காந்துட்டு."

"அப்ப தூளு எதுக்கு?"

"ஆள் ஏறுறதுக்கு முந்தி சன்னல் வழியா என்ன போடுவாங்க?"

"துண்டு." அருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "ஆனா துண்டு பிரயாணம் பண்ணாதே டாக்டர். ஆளுல்லா வரணும்."

"தூளும் அப்படித்தான். உங்க எலும்பு வளந்து வர்ற வரைக்கும் எடத்த விடாமப் பிடிச்சிருக்கும்."

அருளப்பனின் சிரிப்பு அடங்கியது. கண் கலங்கியிருந்தது.

"நாலு வருசமா கட்டில்ல அவ பக்கம் அவ தலகாணி கெடக்கு. ஒருநாள்கூட நான் நகந்து படுத்ததில்ல." வாயைத் திறந்தார். "வைங்க."

தையல் போட்டு அவரை அனுப்பிய பிறகும் தங்கராசுவுக்கு மனசு ஆறவில்லை.

"மேடம், சித்திரையில அந்தம்மா நெத்திலி பொரிச்சு வச்சா இவர் என்ன செய்வாரு?"

ஜமீலா கையுறையைக் கழற்றினார்.

"கையால தூளாக்கிக் குடுப்பாங்க சார். அடுத்த லீவு வரைக்கும் அந்தத் தூளும் எடத்தப் பிடிச்சிருக்கும்."