பத்துப் பானைத் தேனும் ஒரு மூச்சுக் கபடியும்

மூங்கில் காட்டில் இரண்டு கல்லூரிகள் இருந்தன. குளத்துப் பக்கம் இருந்தது குளக்கரைக் கல்லூரி. மேட்டுப் பக்கம் இருந்தது புதர்மேட்டுக் கல்லூரி. இரண்டிலும் விலங்குகள் படித்தன என்று சொன்னால் பொய்யாகிவிடும். அவை கபடி விளையாடின. நடுவில் நேரம் கிடைத்தால் படித்தன.

வருடா வருடம் பங்குனியில் இரண்டு கல்லூரிக்கும் போட்டி நடக்கும். விளையாடிய எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கை அவித்த வேர்க்கடலை கொடுப்பார்கள். ஜெயித்தவர்களுக்கும் அதே ஒரு கைதான்.

அந்த வருடம் சிங்கராஜா இரண்டு அறிவிப்புகள் செய்தார்.

"கல்லூரியில் விளையாடும் பிள்ளைகள் இனிமேல் விளம்பரத்துக்கு முகம் காட்டிச் சம்பாதிக்கலாம்! இது ஒன்று. காட்டில் எருமைகள் உருள இடம் போதவில்லை. இந்த முறை தோற்கும் கல்லூரி தன் மைதானத்தை எருமைகளுக்கு விட்டுவிட வேண்டும்! இது இரண்டு."

புதர்மேட்டு அணியின் தலைவி கோமளம் என்ற உடும்பு. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. அவள் ஒரு காலைப் பிடித்தால், அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் அழுது கெஞ்சினால்தான் விடுவாள். முதல் அறிவிப்பைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம்தான்.

"நியாயம்தானே! நம்ம பிள்ளைங்க மூஞ்சியைக் காட்டி எவனெவனோ வியாபாரம் பண்றான். நமக்கு மட்டும் வேர்க்கடலையா?" என்றாள்.

இரண்டாவது அறிவிப்பைக் கேட்டதும் அவள் நேராகத் தன் கல்லூரி மைதானத்துக்கு ஓடினாள். அந்த மைதானத்தின் முள்ளையெல்லாம் அவள்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

அதற்குள் எருமைகள் இரண்டு வந்து மைதானத்தில் படுத்துப் பார்த்தன.

"இடுப்புக்கு இதமா இருக்கு!" என்றது ஒன்று.

"கொஞ்சம் சேறு போட்டா சொர்க்கம்!" என்றது இன்னொன்று.

"இன்னும் நாங்க தோக்கலை! எழுந்திருங்க!" என்று கோமளம் விரட்டினாள். அவை எழுந்து போய் வேலியோரம் நின்று மைதானத்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன.

குளக்கரைக் கல்லூரியில் ஆள் சேர்க்கும் வேலை நாவலன் என்ற நரியுடையது. அவன் மறுநாளே புதர்மேட்டுக்கு வந்துவிட்டான். முதலில் முயலைப் பிடித்தான்.

"தம்பி! எங்க கல்லூரிக்கு வா! விளாம்பழ ஓட்டுச் செருப்புக் கடைக்காரர் உன்னைத்தான் தேடிக்கிட்டு இருக்கார். அவர் செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடு, போதும். மாசம் ரெண்டு மூட்டை அருகம்புல்!"

"அங்கே என்ன பாடம் சொல்லித் தருவாங்க?" என்று கேட்டது முயல்.

"ரெண்டு மூட்டைங்கிறேன், பாடத்தைப் பத்திக் கேக்கிறியே!" என்று நரி சிரித்தான்.

முயல் போய்விட்டது. பிறகு காட்டுப்பன்றி போனது. பல்பொடி விளம்பரத்துக்காக அது எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முள்ளம்பன்றியும் போனது. அதன் ஒவ்வொரு முள்ளிலும் ஒரு கடையின் பெயர்ப் பலகை. எண்பது கடை! திரும்பிப் பார்த்தால் ஒரு கடைத்தெருவே திரும்புவது போல இருந்தது.

கடைசியாக நரி மாயாண்டியிடம் வந்தான். மாயாண்டி ஒரு கீரி. பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போனால், தொட்டதும் தெரியாது, திரும்பியதும் தெரியாது. காட்டிலேயே அவனைப் போல ஆட்டக்காரன் கிடையாது.

"தேன் வியாபாரி தேனப்பக் கரடி பத்துப் பானைத் தேன் தர்றாராம்!" என்றான் நரி.

மாயாண்டிக்குத் தலை சுற்றியது. மழைக்காலத்தில் அவன் வளையில் தண்ணீர் ஏறிவிடும். அவனும் அவன் அம்மாவும் வாலைத் தூக்கிக்கொண்டு விடிய விடிய நிற்பார்கள். மேட்டில் ஒரு நல்ல வளை எட்டுப் பானைத் தேனுக்குக் கிடைக்கும்.

"அக்கா, நான் போகட்டுமா?" என்று கோமளத்திடம் கேட்டான்.

கோமளத்துக்கு அழுகை வந்தது. ஆனாலும், "போயிட்டு வாடா. அம்மாவை நனையாம வச்சுக்கோ" என்றாள்.

தேனப்பன் வெறுமனே கொடுப்பவனா? அவனிடம் ஒரு நிபந்தனை இருந்தது.

"மைதானத்தில் நீ வாயைத் திறந்தா என் தேன் பேர் வரணும். 'தேனப்பன் தேன்! தேனப்பன் தேன்!' வரலைன்னா பானை கிடையாது!"

மாயாண்டி விழித்தான். "ஐயா, கபடியில பாடிப் போறவன் 'கபடி கபடி'ன்னுதானே மூச்சு விடாம சொல்லணும்? வேற பேச்சுப் பேசினா அவுட் ஆச்சே!"

"யாருடா கேக்கப் போறா?" என்று நரி குறுக்கே வந்தான். "நடுவர் யாரு? கொக்கு! அது காலடியில மீன் போகுதான்னு பாத்துக்கிட்டு நிக்கும். நடுநடுவே ரெண்டு தடவை சொல்லிடு!"

மாயாண்டி மண்டையை ஆட்டினான்.

புதர்மேட்டில் இப்போது மிஞ்சியது ஆறே பேர். கோமளம், ஓர் ஆமை, ஒரு பெருச்சாளி, ஓர் ஓணான், இரண்டு அணில்கள். கபடிக்கு ஏழு பேர் வேண்டும். கோமளம் காடெல்லாம் அலைந்தாள். குட்டையில் பொன்னுரங்கம் என்ற தவளை கத்திக்கொண்டிருந்தது. விளம்பரக்காரர்கள் யாருமே அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. முகம் அப்படி!

கோமளம் நின்று கேட்டாள். தவளை புது மூச்செடுத்துக் கத்த ஆரம்பித்தது. அவள் ஒரு கொய்யாப்பழம் தின்று முடித்தாள். தவளை அதே மூச்சில் இன்னும் கத்திக்கொண்டிருந்தது!

"நீ எங்க கல்லூரிக்கு வர்றியா?" என்று கேட்டாள்.

"என்ன தருவீங்க?"

"ஒரு கை வேர்க்கடலை."

"அவிச்சதா?"

"அவிச்சதுதான்!"

"உப்புப் போட்டா?"

"போட்டுத்தான்!"

"அப்போ வர்றேன்!" என்று தவளை தாவியது.

போட்டி நாள் வந்தது. காடே கூடிவிட்டது. தேனப்பன் பத்துப் பானைகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்தான். எருமைகள் புதர்மேட்டு மைதானத்தின் எந்த மூலையை யார் எடுத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டிருந்தன. கொக்கு நடுக்கோட்டருகே ஒற்றைக் காலில் நின்று விசில் ஊதியது.

குளக்கரைக்காரர்கள் பலசாலிகள்தான். ஆனால் என்ன பிரயோசனம்? முயல் ஓடினால் செருப்பு ஒரு பக்கம், முயல் ஒரு பக்கம். காக்கா பறக்கும்போதெல்லாம், யாரோ பார்க்கிறார்கள் என்று பன்றி பல்லைக் காட்டிக்கொண்டு மேலே பார்த்தது. முள்ளம்பன்றியை யாரும் பிடிக்க முடியாது. ஆனால் பலகைகளின் பாரத்தில் அதனாலும் யாரையும் பிடிக்க முடியவில்லை.

பொன்னுரங்கம் பாடிப் போனது. "கபடி கபடி கபடி கபடி..." ஒரே மூச்சுதான்! எதிரணியினர் சுற்றி நின்று, இதோ மூச்சு விடும், அதோ மூச்சு விடும் என்று காத்திருந்தார்கள். அது நிதானமாக ஒவ்வொருவரிடமும் போய், ஒருவனைத் தொட்டுவிட்டு, மெதுவாகத் தாவித் தாவி வீடு வந்து சேர்ந்தது. பிறகும் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டே இருந்தது. அணில்கள்தான் வாயைப் பொத்தின.

ஆட்டம் முடிய ஒரே ஒரு பாட்டு பாக்கி. இருபக்கமும் இருபது புள்ளி. பாட வேண்டியது மாயாண்டி.

"கபடி கபடி கபடி..." என்று மாயாண்டி பாய்ந்தான். கண் மூடித் திறப்பதற்குள் ஆமையைத் தொட்டான். பெருச்சாளியைத் தொட்டான். ஓணானைத் தொட்டான். மூன்று பேர்! கோட்டைத் தொட்டுவிட்டால் குளக்கரைக்கு மூன்று புள்ளி!

திரும்பிப் பாய்ந்தவனின் பின்னங்காலைக் கோமளம் பிடித்தாள். பிடித்தது உடும்பு. ஆனால் இழுத்தது மாயாண்டி! அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தான். கோடு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"பேரு! என் பேரு வரலையே!" என்று தேனப்பன் கத்தினான். "ஆட்டம் முடியப் போகுது! சொல்றியா, பானையைத் தூக்கிக்கிட்டுப் போகவா?"

ஆட்டத்தின் மும்முரத்தில் மாயாண்டி அதை மறந்தே போயிருந்தான். அவன் பானைகளைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான்.

கோமளத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் சும்மா இருந்திருந்தால் போதும், மைதானம் அவளுக்கு. ஆனால் அவ்வளவு நல்ல பாட்டு வீணாவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"கபடின்னு சொல்லுடா மாயாண்டி! விடாதே! கபடின்னு சொல்லு!" என்று காலைப் பிடித்தபடியே கதறினாள்.

மாயாண்டியின் கை கோட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

"கபடி கபடி... தேனப்பன் தேன்!" என்றான்.

கொக்கு மீனை ஒன்றும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விசில் காட்டைப் பிளந்தது.

"பாட்டு விட்டாச்சு! அவுட்! புதர்மேடு இருபத்தொண்ணு, குளக்கரை இருபது!"

எருமைகள் எழுந்தன. "எந்த மைதானமா இருந்தா என்ன!" என்று சொல்லிக்கொண்டு குளக்கரை மைதானத்துக்கு நடந்தன. அங்கே சேறு வேறு அதிகம் என்று கேள்வி.

தேனப்பன் பானைகளை அடுக்கினான். "ஐயா, சொன்னேனே! என் தேன்?" என்று மாயாண்டி ஓடினான்.

"தோத்தவன் பேர் சொன்ன தேனை எவன்டா வாங்குவான்?" என்று கரடி அவனைத் தள்ளிவிட்டு நேராகத் தவளையிடம் போனான். "பொன்னுரங்கம் ஐயா! என் தேன் பேரைக் கொஞ்சம் சொல்ல முடியுமா?"

"தாராளமா! குட்டையில உக்காந்து நாளெல்லாம் சொல்றேன், பானையை முன்கூட்டியே இறக்கிடுங்க! கோட்டுக்குள்ள மட்டும் கபடிதான்" என்றது தவளை.

நரி அன்றைக்கே குளக்கரைக்கு நாற்பது தவளைகளைச் சேர்த்தான். அந்தச் சத்தத்தில் அவன் அதற்குப் பிறகு தூங்கியதே இல்லை.

மாயாண்டி மட்டும் மைதானத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். வெட்கத்தில் அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. யாரோ அவன் கையைப் பிடித்து விரித்தார்கள். அந்தப் பிடியை அவனுக்குத் தெரியும்.

"இந்தா, உன் பங்கு" என்று கோமளம் ஒரு கை வேர்க்கடலையை வைத்தாள். "விளையாடினவங்க எல்லோருக்கும் உண்டுடா."

திறமைக்குக் கூலி வாங்குவது தப்பே இல்லை. கூலி கொடுப்பவன் பெயரைப் பாடப் போய், வந்த வேலையைப் பாதியில் விடுகிறவனுக்கு வேலையும் மிஞ்சாது, கூலியும் மிஞ்சாது.