சாக்பீஸ் பெருக்கல் குறி

"இந்த மைனஸ் மார்க்கைக் கண்டுபிடிச்ச ஆளு மட்டும் என் கையில சிக்கட்டும் மேடம்!" என்றார் சென்னியப்பன்.

பெனசீர் மேடம் போர்டை அழித்துக்கொண்டிருந்தார்.

"சிக்கினா என்ன பண்ணுவீங்க சார்?"

சென்னியப்பன் யோசித்தார். யோசிக்க ஆரம்பித்ததும் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"அது இன்னும் முடிவு பண்ணலீங்க."

கோயம்புத்தூரில், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒரே ஒரு ரூம். ஆறு கம்ப்யூட்டர், ஒரு போர்டு, கீழே இருந்து ஏறிவரும் வார்னிஷ் வாடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே, எம்.டெக் சேருவதற்கான கேட் பரீட்சைக்கு வகுப்பு நடக்கும்.

குருவுக்கு வயது இருபத்தேழு. சிஷ்யருக்கு முப்பத்தைந்து. அதனால் இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். இரண்டு பேருக்கும் இதில் ஒரு கஷ்டமும் இல்லை.

சென்னியப்பனுக்கு இது நாலாவது முறை. மஸ்கட்டில் இருக்கும் மச்சான் ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார். ஜூன் வரைக்கும் பொறுப்பேன், அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்குள் எம்.டெக் சீட்டு கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மஸ்கட் ஒன்றும் கெட்ட ஊர் இல்லை. ஆனால் இவருக்கு வேறொரு ஆசை. பம்பு கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக காஸ்டிங் செக் பண்ணுகிறார். வார்த்து வரும் இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அது நேராக உலைக்குத் திரும்பிப் போய்விடும். பதினோரு வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை.

"பதினோரு வருஷமா வேண்டாம் வேண்டாம்னு சொல்லியே பொழுது போயிருச்சுங்க. ஒரு பம்பாவது நானே டிசைன் பண்ணிப்போடணும்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் கால் ஆடாது.

*

வாராவாரம் அதே கேள்விதான்.

"மேடம், ஒரு மார்க் எத்தனை, ரெண்டு மார்க் எத்தனை? எதுக்கு மைனஸ் உண்டு, எதுக்கு இல்லை?"

மூன்று வாரம் பெனசீர் பதில் சொன்னார். நாலாவது வாரம் சாக்பீஸை நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க சார்."

சென்னியப்பன் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"மொத்தம் அறுபத்தஞ்சு கேள்வி, நூறு மார்க்கு, மூணு மணி நேரம். நாலுல ஒண்ணைத் தொடுற கேள்வியில தப்புப் பண்ணினா ஒரு மார்க்குக்கு மூணுல ஒரு பங்கு போயிரும், ரெண்டு மார்க்குக்கு மூணுல ரெண்டு பங்கு போயிரும். ஒண்ணுக்கு மேல சரியா இருக்கிற கேள்வி இன்னொரு வகை. அதுல எல்லாத்தையும் சரியாத் தொடணும், ஆனா மைனஸ் இல்லை. காலிக் கட்டத்துல நம்பர் அடிக்கிறது மூணாவது வகை. அதுக்கும் மைனஸ் இல்லை."

"நூத்துக்கு நூறு. ஆனா இதைப் பரீட்சையில கேக்க மாட்டாங்க சார்."

ரூமே சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தார், கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

*

அடுத்த ஞாயிறு மாதிரித் தேர்வு.

மூன்று மணி நேரமும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் தலைவலி. நம்பரை அடிப்பார், தாடையைச் சொறிவார், அழிப்பார். எழுந்து தண்ணீர் குடிப்பார். அதே நம்பரை மறுபடி அடிப்பார், மறுபடி அழிப்பார். ஐயோ சாமி, அப்படியே விட்டுத் தொலையுமய்யா என்று சொல்லத் தோன்றும்!

மார்க் வந்தது. முப்பத்தொன்று. சீட்டுக்குக் குறைந்தது ஐம்பதாவது வேண்டும் என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை.

"இருபத்தொண்ணு எழுதினேன் மேடம், இருபத்தொண்ணும் சரி. ஒரு மைனஸ்கூட இல்லை பாருங்க!"

"மிச்சம் நாப்பத்துநாலு?"

"சந்தேகமா இருந்துச்சுங்க. விட்டுட்டேன்."

பெனசீர் குப்பைக் கூடையைப் பார்த்தார்.

"சார், நீங்க வேண்டாம்னு தள்ளின காஸ்டிங் ஒண்ணு அடுத்த வாரம் கொண்டுவர முடியுமா?"

*

கொண்டுவந்தார். மஞ்சப் பையில், கம்பெனி வாசலில் எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு. பம்புக்குள் சுழலும் பாகம். அதன்மேல் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி.

"இதுல என்ன சார் குறை?"

"இந்தா, இந்த இடத்துல ஒரு கோடு. விரிசலா இருக்கலாமுங்க."

"இருக்கலாம்னா? இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தட்டிப் பார்த்தாத் தெரிஞ்சுருமுங்க. விரிசல் இருந்தா மொத்துனு சத்தம் வரும்."

"தட்டினீங்களா?"

"கண்ணுக்கே கோடு தெரியுது, அப்புறம் எதுக்குங்க தட்டணும்?"

பெனசீர் கீழே போய் கடையில் ஒரு ஸ்பேனர் வாங்கி வந்தார். சென்னியப்பன் காஸ்டிங்கை ஒரு விரலில் தொங்கவிட்டுத் தட்டினார்.

கணீரென்றது.

இன்னொரு முறை தட்டினார். மறுபடியும் கணீர். கட்டை விரல் நகத்தால் அந்தக் கோட்டைச் சுரண்டினார். ஒட்டியிருந்த மண் உதிர்ந்தது, கோடும் போய்விட்டது.

அவர் முகம் சுருங்கிவிட்டது. இந்தப் பதினோரு வருஷத்தில் இப்படி எத்தனை உலைக்குப் போனதோ!

பெனசீர் மேஜை டிராயரைத் திறந்து கசங்கின தாள்களை எடுத்து வைத்தார். போன வாரம் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்த ரஃப் தாள்கள். சென்னியப்பன் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டவை.

"இதை ஏனுங்க எடுத்தீங்க?"

"திருத்தினேன் சார்."

ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையில் டிக் இருந்தது. காலியாக விட்ட கேள்விகளில் மைனஸ் இல்லாதவை இருபத்துமூன்று. அதில் பத்தொன்பதுக்குத் தாளில் விடை எழுதியிருந்தார். பதினைந்து சரி, நாலு தப்பு. கடைசித் தாளின் ஓரத்தில் பெனசீர் கூட்டிப் போட்டிருந்தார்: ஐம்பத்தைந்து.

சென்னியப்பன் அந்த எண்ணையே பார்த்தார்.

"இதுக்கெல்லாம் மைனஸ் இல்லைன்னு எனக்கு ஒப்பிச்சது யாரு சார்?"

"நான்தானுங்க."

"அப்புறம் ஏன் அழிச்சீங்க?"

"மார்க் போகாதுன்னு தெரியுமுங்க. ஆனா தப்புன்னா தப்புதானுங்களே மேடம். என் கையால ஒரு தப்பு வெளிய போனதில்லீங்க."

பெனசீர் தலையாட்டினார்.

"சரி, விடுங்க. உங்க அப்ளிகேஷன் நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன். எல்லாரோடதும் வந்துருச்சு, உங்களோடதுதான் பாக்கி."

கால் ஆட ஆரம்பித்தது.

"சார்?"

"எல்லாம் பூர்த்தி பண்ணிட்டேனுங்க. போட்டோ, கையெழுத்து, எல்லாம் ஏத்தியாச்சு. கடைசி பட்டனை மட்டும் அமுத்தலீங்க."

"கடைசித் தேதி என்னைக்கு?"

"இன்னிக்குத்தானுங்க."

அறையில் இருந்த மற்ற அஞ்சு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வாரமாக மைனஸ் மார்க்கைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷன், பரீட்சைக்கே இன்னும் பேர் கொடுக்கவில்லை!

"ஏதாவது தப்பு இருக்கா அதுல?"

"எட்டுத் தடவை பார்த்துட்டேனுங்க. தப்பு ஒண்ணும் இல்லை."

"அப்புறம் எதுல சந்தேகம்?"

சென்னியப்பன் காஸ்டிங்கைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கீழே கடையில் யாரோ மோட்டாரைச் சுழலவிட்டுப் பார்க்கும் சத்தத்தைக் கேட்டார்.

"என்மேலதானுங்க மேடம்" என்றார். "நாலாவது தடவையும் தோத்துட்டா, அப்புறம் ஆசைப்படறதுக்கே ஒண்ணும் இருக்காதுங்க. அமுத்தாம விட்டுட்டா, எழுதியிருந்தா பாஸாயிருப்பேன்னு மஸ்கட்டுல உக்காந்தாவது நெனைச்சுக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அப்ளிகேஷன் பக்கத்தைத் திறந்தார். பட்டனுக்கு மேலே கட்டை விரல் வந்து நின்றது.

"மேடம், இதுக்கு மைனஸ் உண்டுங்களா?"

பெனசீர் டஸ்டரை எடுத்தார். காஸ்டிங் மேல் இருந்த பெருக்கல் குறியை அழித்துவிட்டு, அதைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

சென்னியப்பன் அமுத்தினார்.