மேலமந்தூர் விடுப்புப் பானை

மேலமந்தூர்க்காரர்கள் புத்தியை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். வெளியே எடுத்தால் தேய்ந்துவிடுமாம். ஊரில் வேலை என்றால் ஒன்றே ஒன்றுதான்: குப்புலிங்கத்தின் அவல் ஆலை. கூலியும் அவல்தான்.

ஒரு நாள் ராஜாவின் ஆள் வந்து தண்டோரா போட்டான்: "ஆலையில் ஒரு பானை வைக்கணும். கூலி அளக்கும்போது தொழிலாளி ஒரு பிடி, முதலாளி ஒரு பிடி அதில் போடணும். பிள்ளைப்பேறு, நோய்நொடி, குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்வது என்று விடுப்பு எடுப்பவருக்கு அந்தப் பானையிலிருந்து கூலி!"

நல்ல ஏற்பாடு. மேலமந்தூருக்கு மட்டும் வராமல் இருந்திருந்தால் நல்லபடியாகவே நடந்திருக்கும்.

அன்று சாயங்காலமே தொழிலாளிகள் கூலியிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். அடுத்து முதலாளி. குப்புலிங்கம் தன் மூட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொருவர் கூலியிலும் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அவர் கை முறம் மாதிரி.

"முதலாளி, அது என் கூலியாச்சே?" என்றான் சடையப்பன்.

"ராஜா என்ன சொன்னார்? முதலாளி ஒரு பிடி போடணும்னார். இப்போ போட்டது யார் கை?"

"உங்க கை."

"அப்புறம் என்னடா?"

ஊரின் அறிவாளி வீரபாகு தலையை ஆட்டினான். "நியாயம்தான். கை அவரோடது, பிடியும் அவரோடது. அவல் மட்டும்தானே நம்மளது."

எல்லோரும் கைதட்டினார்கள். நிறைமாதக்காரி மரகதம் மட்டும் தட்டவில்லை.

அவள் விடுப்புக் கேட்டபோது ஆலையே கூடி யோசித்தது.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்னு முதலாளி ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை சொல்றாரே," என்றான் வீரபாகு. "மரகதக்காவுக்குப் பிரசவம்னா நம்ம எல்லாருக்கும் விடுப்பு."

"குடும்பத்துக்கு அப்பன் நான். எனக்கும் உண்டு," என்றார் குப்புலிங்கம்.

சடையப்பனுக்குக் கவலை வந்துவிட்டது. "எல்லாரும் படுத்துக்கிட்டா கூலி ஏது? கூலி இல்லேன்னா பிடி ஏது? பானை காலியாயிட்டா, பாவம், அக்காவோட விடுப்பு என்னாகும்?"

மோவாயைத் தடவித் தடவிக் கடைசியில் முடிவு கட்டினார்கள். மரகதத்தின் விடுப்பைக் காப்பாற்ற மரகதம் வேலைக்கு வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் பானையில் பங்கு கிடையாது.

"ஏண்டா, வயிறு எனக்கா உங்களுக்கா?"

"உனக்குத்தான்க்கா. அதனாலதான் பொறுப்பையும் உனக்கே விட்டிருக்கோம்."

மரகதம் தனியாக அவல் இடித்தாள். மற்றவர்கள் பானையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வாசலில் பாய் விரித்து, இடுப்பைப் பிடித்தபடி கஷ்டப்பட்டு விடுப்பில் இருந்தார்கள். வலி எடுத்து அவள் கத்தியபோதும் ஒருவரும் உள்ளே போகவில்லை. ஆலைக்குள் கால் வைத்தால் விடுப்பு கெட்டுவிடுமே! "மூச்சை நல்லா விடுக்கா" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்கள். நல்லவேளை, பக்கத்து ஊர் மருத்துவச்சி ஓடி வந்தாள்.

ஆண் குழந்தை. மருத்துவச்சி வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினாள். அது இரண்டு கையையும் இறுக்கி மூடியிருந்தது.

"வேலை நேரத்தில் ஆலைக்குள்ளே வந்திருக்கான். அப்போ இவனும் தொழிலாளி," என்றார் குப்புலிங்கம். "பங்கு எங்கே?"

"கையோட கொண்டுவந்திருக்கான் முதலாளி!" வீரபாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு கையில தொழிலாளி பிடி, இன்னொரு கையில முதலாளி பிடி. என்ன நாணயமான பிள்ளை!"

குழந்தையை வாங்கிப் பானைக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கை திறக்கவில்லை. சர்ரென்று பானைக்குள் மூத்திரம்தான் போனது.

"இதை யார் பங்குல சேர்க்கிறது?" என்றான் சடையப்பன்.

"முதலாளி பங்குல வச்சுக்குங்க," என்றாள் மரகதம் உள்ளிருந்து. "இன்னிவரைக்கும் அதுல ஒண்ணும் விழலையே."

"கேட்டீங்களாடா? என் பங்கும் விழுந்தாச்சு!" என்று பூரித்துப்போனார் குப்புலிங்கம்.

மரகதம் தன் விடுப்புக்கூலியைக் குப்புலிங்கத்தின் மூட்டையிலிருந்தே மருத்துவச்சியை அளக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள். தடுக்க வேண்டுமானால் உள்ளே கால் வைக்க வேண்டும்; அவரோ விடுப்பில் இருந்தார்.

மற்றவர்களுக்கு வழக்கம்போலப் பானையிலிருந்து அளந்தார்கள். வீரபாகு ஒரு வாய் போட்டு நிதானமாக மென்றான்.

"என்ன இருந்தாலும் முதலாளி பங்கு விழுந்தா தனி ருசிதான். உப்பு எவ்வளவு சரியா இருக்கு பாருங்க!"